கதவோரம் தட்டு வைத்துவிட்டுப் போகிறார் அம்மா

ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு வயது 24. திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூர். இன்ஜினியரிங் முடித்துவிட்டதாகத்தான் ஊருக்குள் பேச்சு. உண்மையில் இரண்டு அரியர் பாக்கி. சொந்தக்காரர்களிடம் "குரூப் 2-க்குப் படிக்கிறான்" என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறார். நான் புத்தகத்தைத் தொட்டே பல மாதம் ஆகிறது. பாத்ரூமுக்குத் தவிர அறையை விட்டு வருவதில்லை. சாப்பாட்டை அம்மா கதவோரம் வைத்துவிட்டுப் போவார். இரவெல்லாம் கேம், டிஸ்கார்டில் அரட்டை, அலுத்தால் ரீல்ஸ். காலை 5 மணிக்குப் படுத்து மதியம் 1 மணிக்கு எழுகிறேன். அப்பா ஒருமுறை வைஃபையைப் பிடுங்கியபோது கைகலப்பு வரை போய்விட்டது. போன மாதம் சித்தி மகன் வந்து சில நாள் தங்கினான். அவன் இருந்தவரை கேம் ஞாபகமே வரவில்லை, போனதும் பழையபடி. அடுத்து அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். நினைத்தாலே வயிறு கலங்குகிறது. நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு ஒரு கவலை விட்டது என்று சில சமயம் தோன்றும். இது அடிக்‌ஷனா? போனை விற்றுவிட்டால் சரியாகுமா?

- பெயர் வேண்டாம்

அன்புத் தம்பி,

போனைப் பற்றிப் பிறகு பேசலாம். "நான் இல்லாவிட்டால்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதலில். அந்த நினைப்பு வந்து போகிறதா, இல்லை எப்படி, எப்போது என்று திட்டம்வரை போகிறதா? திட்டம்வரை போயிருந்தால் இன்றே அக்காவிடமோ அம்மாவிடமோ சொல்லி, துணையோடு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வந்து போவதாக இருந்தாலும் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்று 2022 முதல் இயங்கும் அரசுச் சேவை அது. 24 மணி நேரமும் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். நள்ளிரவு 3 மணிக்கு விழித்திருக்கும் உங்களுக்கு இது தோதும்கூட.

இனி அடிக்‌ஷன். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்று வகுத்திருப்பதில் மூன்று அடையாளங்கள் உண்டு: விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. பொதுவாக 12 மாதம் இப்படி நீடித்திருக்க வேண்டும். சித்தி மகன் இருந்தபோது கேம் நினைவே வரவில்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். கேள்வி கேட்காத ஒரு மனிதர் பக்கத்தில் இருந்தால் உங்களுக்குத் திரை தேவைப்படவில்லை. அரியர், பொய், அவமானம் மூன்றையும் மறக்க வைக்கும் மருந்தாகத்தான் அது இருக்கிறது என்று நினைக்கிறேன். போனை விற்றால் மருந்து போகும், வலி அப்படியே இருக்கும். உங்களோடு பேசும் மிச்ச நண்பர்களும் டிஸ்கார்டோடு போய்விடுவார்கள். அப்பா வைஃபையைப் பிடுங்கியது அடிதடியில் முடிந்ததும் இதனால்தான்.

ஆறு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள் ஒடுங்குவதை ஜப்பானில் ஹிகிகோமோரி என்கிறார்கள். 15 முதல் 64 வயது வரையுள்ளவர்களில் சுமார் 14.6 லட்சம் பேர் இப்படி இருக்கலாம் என்று அந்நாட்டு அரசு 2023-இல் மதிப்பிட்டது. இந்தியாவிலும் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கிறோம். ஆனால் ஒடுக்கத்துக்கு அடியில் மனச்சோர்வோ, சமூகப் பதற்றமோ, அபூர்வமாக மனச்சிதைவின் தொடக்கமோ இருக்கலாம். பிறர் உங்களைப் பற்றியே பேசுவதாகச் சந்தேகமோ, ஆள் இல்லாத குரலோ உண்டா? இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. இல்லாவிட்டாலும் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். தைராய்டு, ரத்தசோகைச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். அவையும் இதே சோர்வைத் தரும். மனச்சோர்வுக்கு மாத்திரை தந்தால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிறு புரட்டுகிறது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள், அப்படி நிறுத்தாதீர்கள். உங்கள் வயதில் தொடக்க வாரங்களில் சிலருக்குத் தவிப்போ சாகும் எண்ணமோ கூடுவதுண்டு. அப்படியானால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். நாளையே 6 மணிக்கு எழுவேன் என்று சபதம் வேண்டாம். ராத்திரி முழுக்க விழித்திருந்து மறுநாள் சீக்கிரம் படுக்கும் தந்திரமும் நிற்காது. உடலின் கடிகாரம் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகர்வது அரிது. இப்போது 1 மணிக்கு எழுகிறீர்கள், முதலில் 12.30-க்கு அலாரம் வையுங்கள். எழுந்த அரை மணிக்குள் மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ போய் 20 நிமிடம் நிழலில் இருங்கள். நிழலிலும் பகல் வெளிச்சம் உங்கள் அறை டியூப்லைட்டைப்போல் பல மடங்கு. மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி முன்னுக்கு இழுங்கள். 7 மணிக்கு வந்து சேர ஐந்து, ஆறு வாரம் பிடிக்கும். எடுத்த எடுப்பில் விடிகாலை வெயிலில் நின்றால் எதிர்விளைவுதான்: உங்கள் உடலுக்கு அது இன்னும் நடுராத்திரி, அப்போது படும் வெளிச்சம் தூக்கத்தை மேலும் பின்னுக்குத் தள்ளும். ஒருநாள் தவறினால் அதே நேரத்தில் இன்னும் மூன்று நாள் நில்லுங்கள், பழைய நேரத்துக்குத் திரும்ப வேண்டாம். கேமை நிறுத்தச் சொல்லவில்லை. படுப்பதற்கு ஒன்றரை மணி முன்பு முடியட்டும், சார்ஜர் கூடத்தில் இருக்கட்டும்.

வெளியே போவதை உங்கள் தெருவில் தொடங்காதீர்கள், அங்கேதான் கேள்விகள் அதிகம். யாருக்கும் உங்களைத் தெரியாத பக்கத்து ஊர்க் கடை, பிறகு நூலகம், பிறகு தெரிந்தவர் கடை என்று வாரத்தில் நான்கைந்து முறை போங்கள். படபடப்பு ஏறும்போது திரும்பிவிட்டால் "ஓடியதால் தப்பித்தேன்" என்றுதான் மூளை படிக்கும். ஆகவே அது இறங்கத் தொடங்கும்வரை நில்லுங்கள். இயர்போன் வேண்டாம். அதை மாட்டிக்கொண்டு போனால் தைரியம் இயர்போனுக்குத்தான் சேரும். "என்ன தம்பி பண்றீங்க?" என்ற கேள்விக்கு ஒரு வரி வைத்திருங்கள்: "ரெண்டு பேப்பர் இருக்குண்ணே, எழுதிட்டு வேலை தேடணும்." குரூப் 2 பொய்யைக் காப்பாற்றுவதைவிட இதற்கு உழைப்பு குறைவு.

காதுகுத்துக்கு முழு நாள் இருக்க வேண்டியதில்லை. குத்தும் நேரத்துக்கு அரை மணி முன்பு வருவேன், மடியில் வைத்துக்கொள்வேன், சாப்பிட்டதும் கிளம்புவேன் என்று அக்காவிடம் இப்போதே பேசிவிடுங்கள். பந்தியில் சித்தி மகன் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தப் பத்தியை வீட்டில் காட்டுங்கள். அம்மா, தட்டை உடனே நிறுத்த வேண்டாம். இரவுச் சாப்பாடு மட்டும் கூடத்தில் என்று ஆரம்பியுங்கள். அந்த வேளையில் வேலை, அரியர், பக்கத்து வீட்டுப் பையன் பேச்சு கூடாது. அப்பா, வைஃபையைத் தொடாதீர்கள். தம்பி வர மறுத்தாலும் நீங்கள் இருவரும் மட்டும் மனநல ஆலோசகரைப் பார்க்கலாம். பல வீடுகளில் மாற்றம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அரியருக்கு இப்போது செய்ய வேண்டியது ஒன்றே: எழுத எந்த ஆண்டுவரை அவகாசம் இருக்கிறது என்று கல்லூரியில் கேட்டுவையுங்கள். போனில் கேட்டால் போதும். படிப்பதைத் தூக்கம் பகலுக்கு வந்த பிறகு பார்க்கலாம்.