முதுமையும் அதிபர் பதவியும்: 25ஆவது திருத்தம் குறித்த கேள்வி பதில்

அமெரிக்க அதிபர்களின் உடல்நலம், பதவியில் நீடிக்கும் தகுதி, அதற்கான சட்ட வழிகள் ஆகியவை குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் அரசியலமைப்பு வரலாறு கற்பித்தவன்; மருத்துவன் அல்லன். ஆகவே எந்தத் தலைவருக்கு என்ன நோய் என்று என்னிடம் கேட்க வேண்டாம். காணொளித் துணுக்கைப் பார்த்து நோயைத் தீர்மானிக்கும் பழக்கம், எந்தக் கட்சியினரிடம் இருந்தாலும், பேச வேண்டியதைப் பேச விடாமல் செய்கிறது.

கேள்வி: அதிபர் தளர்ந்துவிட்டார் என்று அமைச்சர்களே கருதினால், அமெரிக்க அரசியலமைப்பின் 25ஆவது திருத்தத்தின்படி அவரைப் பதவியிலிருந்து நீக்கிவிடலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: நீக்க முடியாது. அவருடைய அதிகாரத்தைத் துணை அதிபரின் கையில் ஒப்படைக்க மட்டுமே முடியும். அத்திருத்தத்தின் நான்காம் பிரிவின்படி, துணை அதிபரும், 15 நிர்வாகத் துறைகளின் தலைவர்களில் பெரும்பான்மையினரும் சேர்ந்து, அதிபரால் கடமையாற்ற இயலவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளின் தலைவர்களுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த உடனே துணை அதிபர் தற்காலிக அதிபராகிறார். ஆனால், தமக்கு எந்த இயலாமையும் இல்லை என்று அதிபர் பதில் கடிதம் எழுதிவிட்டால், முதலில் எழுதியவர்கள் நான்கு நாட்களுக்குள் அதை மறுக்க வேண்டும். மறுத்தால் விவகாரம் காங்கிரஸுக்குப் போகும். அங்கே 21 நாட்களுக்குள் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் அதிபருக்கு எதிராக வாக்களிக்காவிட்டால் அதிகாரம் அவரிடமே திரும்பிவிடும்.

குற்றச்சாட்டுத் தீர்மானத்தின் மூலம் ஓர் அதிபரை நீக்குவதற்குக்கூடப் பிரதிநிதிகள் அவையில் சாதாரணப் பெரும்பான்மையும் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கும் போதும். ஆகவே, எதிர்த்து நிற்கும் அதிபரிடம் நான்காம் பிரிவைப் பயன்படுத்துவது பதவி நீக்கத்தைவிடக் கடினமானது. 1967 பிப்ரவரி 10 அன்று இத்திருத்தத்துக்கு ஒப்புதல் கிடைத்ததிலிருந்து இப்பிரிவு ஒருமுறைகூடப் பயன்படுத்தப்பட்டதில்லை. 1981 மார்ச்சில் ரீகன் சுடப்பட்டு அறுவை சிகிச்சையில் இருந்தபோதுகூட, அதற்கான ஆவணங்கள் தயாராகியும் கையெழுத்தாகவில்லை. இயலாமைக்கான இரு பிரிவுகளில், அதிபரே விரும்பித் தற்காலிகமாக அதிகாரத்தைக் கொடுக்கும் மூன்றாம் பிரிவு மட்டுமே நடைமுறையில் உயிரோடு இருக்கிறது. 2002இலும் 2007இலும் இளைய புஷ்ஷும், 2021 நவம்பரில் பைடனும் குடல் பரிசோதனைக்காக மயக்க மருந்து பெற்றபோது அதைப் பயன்படுத்தினர்.

கேள்வி: இவ்வளவு முக்கியமான விஷயத்தை அரசியலமைப்பை எழுதியவர்கள் கவனிக்கவே இல்லையா?

பதில்: கவனித்தார்கள், பதில் சொல்லாமல் விட்டார்கள். 1787 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் நடந்த மாநாட்டில் ஜான் டிக்கின்சன், இந்த இயலாமையின் எல்லை எது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்று கேட்டார். அவருடைய கேள்வி அப்படியே நின்றுபோனது. 1881 ஜூலை 2 அன்று சுடப்பட்ட அதிபர் கார்ஃபீல்டு செப்டம்பர் 19 வரை படுக்கையில் கிடந்தார். அதிகாரத்தை ஏற்றால் அபகரித்தவர் என்ற பழி வருமோ என்று துணை அதிபர் ஆர்தர் ஒதுங்கியே இருந்தார்.

கேள்வி: ஐயா, கல்லூரியில் அதிபர் உட்ரோ வில்சனைப் பற்றிப் படித்தோம். அவருடைய மனைவிதான் நாட்டை ஆண்டார் என்பது மிகையா?

பதில்: "ஆண்டார்" என்பது சற்று மிகை. யார் எதைப் பார்க்கலாம், யார் யாரைச் சந்திக்கலாம் என்பதை அவர் தீர்மானித்தார். நாட்டை ஆள்வதற்கு அதுவே ஏறக்குறையப் போதுமானது என்பதுதான் அச்சமூட்டும் செய்தி.

1919 அக்டோபர் 2 அன்று வில்சனுக்குக் கடுமையான பக்கவாதம் ஏற்பட்டு உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. மனைவி ஈடித், மருத்துவர் கேரி கிரேசன், செயலர் ஜோசப் டுமல்டி ஆகிய மூவருக்குள்ளேயே செய்தி நின்றது. அமைச்சரவைக்கும் மக்களுக்கும் நரம்புத் தளர்ச்சி என்ற அளவில்தான் சொல்லப்பட்டது. முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தம் செனட்டின் முன்னே இருந்த காலம் அது. தம் கட்சியினரை அழைத்துப் பேசவோ, சமரசத்துக்கு இறங்கிவரவோ அதிபரால் இயலாத நிலையில் அந்த ஒப்பந்தம் நவம்பரிலும் மீண்டும் 1920 மார்ச்சிலும் தோற்றது.

இந்த வரலாற்றில் நான் மாணவர்களிடம் மறக்காமல் சொல்லும் இடம் 1919 டிசம்பர் 5. அதிபருக்கு அறிவு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவர ஃபால், ஹிட்ச்காக் என்ற இரண்டு செனட்டர்கள் வந்தனர். செயலிழந்த இடக்கையைப் போர்வைக்குள் மறைத்து, வில்சனை அவர்கள் பார்வைக்கு ஏற்றபடி படுக்க வைத்திருந்தனர். "உங்களுக்காகப் பிரார்த்தித்துக்கொண்டிருக்கிறோம்" என்று எதிர்க்கட்சிக்காரரான ஃபால் சொன்னதும், "எந்தத் திசையில், செனட்டர்?" என்று வில்சன் கேட்டார். அந்த ஒரு சாமர்த்தியமான பதில் போதுமானதாக இருந்தது. அதிபர் தெளிவாக இருக்கிறார் என்று வெளியே வந்து சொன்னார்கள். அவரோ 1921 மார்ச் 4 வரை பதவியில் இருந்தார். இடையில், அதிபர் இல்லாமலே அமைச்சரவையைக் கூட்டிய வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங், 1920 பிப்ரவரியில் பதவி விலக வைக்கப்பட்டார். நோயைக் கண்டு பேச முயன்றவர்தான் வேலை இழந்தார்.

கேள்வி: அண்மையில் பரவும் காணொளியில் தலைவர் பேச்சை நடுவில் நிறுத்தி வெறித்துப் பார்க்கிறாரே, அது மறதி நோயின் அறிகுறிதானே?

பதில்: தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சில நொடிகளின் முன்னும் பின்னும் வெட்டப்பட்ட காட்சியில் இருந்து அதைச் சொல்லக்கூடியவர் எவரும் இல்லை.

கேள்வி: 2024 ஜூன் 27 அன்று பைடனுக்கும் டிரம்புக்கும் நடந்த தேர்தல் விவாதத்தைக் கோடிக்கணக்கானோர் நேரலையில் பார்த்தார்கள். அது வெட்டப்பட்ட துணுக்கு அன்று. அதையும் சான்றாக ஏற்க மாட்டீர்களா?

பதில்: இது நியாயமான கேள்வி. ஏற்கிறேன், ஒரு வரம்போடு. அட்லாண்டாவில் நடந்த அந்த விவாதத்தில் அப்போது 81 வயதான பைடன் வாக்கியங்களை முடிக்கத் திணறியதை எந்தக் கட்சியினரும் மறுக்கவில்லை; ஜூலை 21 அன்று அவர் போட்டியிலிருந்து விலகினார். இன்னும் நான்காண்டுகளுக்கு வாக்குக் கேட்கும் ஒருவரை மக்கள் அந்த மேடையில் வைத்து அளந்தது அவர்களுடைய உரிமை. ஆனால், அன்று அவர் ஆட்சி செய்யும் தகுதியை இழந்திருந்தாரா என்பது வேறு கேள்வி. அதற்கான சான்று அவர் எடுத்த முடிவுகளிலும், அவர் அமர்ந்த கூட்டங்களிலும், அவரைத் தினமும் சந்தித்தவர்களிடமும் இருக்கிறது.

மேடை இரண்டு பக்கமும் ஏமாற்றும். 1984 அக்டோபர் 7 அன்று எதிர்க்கட்சி வேட்பாளர் மாண்டேலுடன் நடந்த முதல் விவாதத்தில் 73 வயது ரீகன் தடுமாறினார். இரண்டு வாரம் கழித்து, எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியலுக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று ஒரு வரி சொன்னார், மாண்டேலே சிரித்தார், வயது பற்றிய பேச்சு அடங்கியது. அந்தச் சிரிப்பு ரீகனின் மூளையைப் பற்றி எதை நிரூபித்தது? 1944 அக்டோபரில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நியூயார்க் தெருக்களில் கொட்டும் மழையில் திறந்த காரில் வலம் வந்தார். அதே ஆண்டு மார்ச்சில் மருத்துவர் ஹோவர்ட் புருயன் அவருக்கு இதயச் செயலிழப்பையும் கடுமையான இரத்த அழுத்தத்தையும் கண்டறிந்திருந்தார், வெளியே சொல்லப்படவில்லை. மழையில் நனைந்த தலைவரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1945 ஏப்ரல் 12 அன்று அவர் இறந்தார். சோவியத் ஒன்றியத்தில் 1985 பிப்ரவரியில், சாகும் நிலையில் இருந்த தலைவர் செர்னென்கோ வாக்களிப்பதாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மார்ச் 10 அன்று இறந்தார். தடுமாற்றக் காட்சியை ஐயத்தோடு பார்ப்பவர்கள் வலிமைக் காட்சியையும் அதே ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் 2025 ஜூன் 14 அன்று, டிரம்பின் 79ஆவது பிறந்தநாளில், வாஷிங்டனில் நடந்த இராணுவ அணிவகுப்பும் முதுமையை மறைக்கும் நாடகம்தானே?

பதில்: அது இராணுவத்தின் 250ஆவது ஆண்டு விழா, தேதி ஒன்றாக இருந்தது. அதை நடத்தியிருக்கலாமா என்று வாதிடலாம். அதிபரின் தகுதி பற்றி அது எந்தப் பக்கத்துக்கும் சான்று அன்று. பதவியேற்ற நாளில் மிக அதிக வயதானவர் அவரே என்பது மட்டும் உறுதியான தகவல்.

கேள்வி: அறிவுத்திறன் சோதனையில் டிரம்ப் 30க்கு 30 வாங்கியதாக அறிவித்தார்களே?

பதில்: மான்ட்ரியல் சோதனை எனப்படும் அது, லேசான அறிவுத்திறன் குறைவு இருக்கக்கூடுமா என்று பார்ப்பதற்கான முதற்கட்டச் சோதனை மட்டுமே. கடிகாரம் வரைதல், சொற்களை நினைவில் வைத்தல் போன்றவை அதில் உண்டு. முழு மதிப்பெண் நல்ல செய்திதான். ஆனால் அது முடிவெடுக்கும் திறனையோ, பொறுமையையோ, நிதானத்தையோ அளப்பதில்லை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற மருத்துவன். விமானிக்கு மருத்துவச் சான்று கேட்கிறோம். அணு ஆயுத உத்தரவு கொடுப்பவருக்கு வேண்டாமா? சுயேச்சையான மருத்துவர் குழு ஒன்று ஆண்டுதோறும் பரிசோதித்து, தகுதி உண்டா இல்லையா என்று அறிவிக்கட்டும். அரசியல்வாதிகளிடம் ஏன் விட வேண்டும்?

பதில்: டாக்டர், பரிசோதித்து உண்மையைச் சொல்வது ஒன்று, தகுதியைத் தீர்ப்பது மற்றொன்று. முதலாவதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். 1955 செப்டம்பரில் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது இதயநோய் வல்லுநர் பால் டட்லி ஒயிட் நிருபர்களிடம் ஒளிவுமறைவின்றி விளக்கினார். அதை அறிந்தே மக்கள் மறு ஆண்டு ஐசனோவருக்கு வாக்களித்தார்கள். இரண்டாவதில் உடன்பட முடியாது. துனிசியாவில் 1987 நவம்பர் 7 அன்று, 84 வயதான அதிபர் புர்கிபா ஆளத் தகுதியற்றவர் என்று ஏழு மருத்துவர்கள் கையெழுத்திட்டனர். அந்தச் சான்றிதழைக் கொண்டு பிரதமர் பென் அலி பதவியேற்று 2011 ஜனவரி வரை, 23 ஆண்டுகள் ஆண்டார்.

கேள்வி: (அதே மருத்துவர்) துனிசியா மக்களாட்சி அன்று. அந்த ஒப்பீடு பொருந்தாது.

பதில்: சரி, பிரான்ஸுக்கு வருவோம். தம் உடல்நல அறிக்கைகளைத் தவறாமல் வெளியிடுவதாக வாக்குறுதி தந்தவர் அதிபர் மித்திரான். 1981 இறுதியிலேயே அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 1992 வரை நாட்டுக்குத் தெரியாது. மருத்துவர் கையெழுத்திட்ட அறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன.

கேள்வி: (அதே மருத்துவர்) அவர் சொந்த மருத்துவர்! நான் கேட்பது சுயேச்சையான குழு. நீங்கள் என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறீர்கள்.

பதில்: ஒரு பகுதிக்கு வலுச் சேர்க்கிறேன், அதை மறுக்கவில்லை. கிரேசனும், ரூஸ்வெல்ட்டின் மருத்துவர் மெக்கின்டையரும் கடற்படை அதிகாரிகள். அவர்களுடைய நோயாளியே அவர்களுடைய தலைமைத் தளபதி. இந்த உறவில் உண்மை வெளிவருவது கடினம்; இதைச் சட்டம் மாற்ற வேண்டும். ஆனால் குழுவை யார் நியமிப்பது என்ற கேள்வியில் அரசியல் மீண்டும் வாசல் வழியாகவே உள்ளே வரும். 1964இல் ஒரு பத்திரிகை மனநல மருத்துவர்களிடம் அதிபர் வேட்பாளர் கோல்டுவாட்டரைப் பற்றிக் கேட்டது. அவரைப் பரிசோதிக்காமலே 1,189 பேர் தகுதியற்றவர் என்றனர். அவர் வழக்குத் தொடுத்து வென்றார். நேரில் பரிசோதிக்காதவரைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்ற விதியை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் கொண்டுவந்ததற்கு இதுவே காரணம்.

இன்னும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. நோயும் இயலாமையும் ஒன்றல்ல. 1921இல் இளம்பிள்ளை வாதம் தாக்கிய ரூஸ்வெல்ட், துணையின்றி நடக்க முடியாத நிலையில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆட்சி செய்தார். எவ்வளவு குறைபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது, நாடு எந்த நிலையில் இருக்கிறது, மாற்றாக யார் இருக்கிறார் என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டிய தீர்ப்பு. அதைத் தருகிறவர் மக்களிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். மருத்துவர் சாட்சி சொல்லட்டும்; நீதிபதி ஆக வேண்டாம்.

கேள்வி: (அதே மருத்துவர்) பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால்?

பதில்: அதுதான் உண்மையான ஓட்டை. 1953 ஜூனில் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்தபோது, பிரிட்டனின் பெரிய பத்திரிகை முதலாளிகள் அதை வெளியிடாமல் காத்தார்கள். அவர் 1955 வரை பிரதமராக நீடித்தார். உங்கள் கேள்விக்கு இன்றைய சட்டத்தில் முழுமையான பதில் இல்லை.

கேள்வி: வயது உச்சவரம்பு வைத்தால் இந்தத் தொல்லையே இருக்காதே?

பதில்: குறைந்தபட்ச வயது 35 என்று மட்டுமே அரசியலமைப்பு சொல்கிறது, உச்சவரம்புக்கு அரசியலமைப்புத் திருத்தமும் 38 மாநிலங்களின் ஒப்புதலும் தேவை. அதோடு, வில்சனுக்குப் பக்கவாதம் வந்தபோது வயது 62. ரூஸ்வெல்ட் இறந்தபோது 63. எந்த உச்சவரம்பும் இவர்களைத் தடுத்திருக்காது.

கேள்வி: மேடைப் படியில் தலைவர் இடறிய காணொளி பற்றி உங்கள் கருத்து?

பதில்: முன்னரே சொல்லிவிட்டேன், மீண்டும் கேட்பவர்கள் தயவுசெய்து மேலே படிக்கவும்.

கேள்வி: இந்தியப் பிரதமருக்கு இப்படி ஒரு சட்டம் உண்டா?

பதில்: குடியரசுத் தலைவர் நோயுற்றால் துணைத் தலைவர் பொறுப்பேற்க 65ஆவது பிரிவு வழி செய்கிறது. பிரதமர் மக்களவையின் நம்பிக்கையில் இருப்பவர் என்பதால் அது தனித் தலைப்பு.

கேள்வி: இயந்திரம் போட்ட கையெழுத்து செல்லாது, ஆகவே பைடனின் உத்தரவுகள் எல்லாம் செல்லாதவை என்கிறார்களே?

பதில்: கருவியை வைத்துக் கையெழுத்திடுவது தவறன்று. அதிபர் ஆணையிட்டால் பணியாளர் அப்படிச் செய்யலாம் என்று அமெரிக்க நீதி அமைச்சகத்தின் சட்ட ஆலோசனை அலுவலகம் 2005இல் கருத்துரைத்தது. 2011இல் பிரான்ஸில் இருந்த ஒபாமா ஒரு சட்டத்துக்கு அவ்வாறே கையெழுத்திட்டார். ஆணையிட்டவர் அதிபர்தானா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஒவ்வொரு ஆவணத்துக்கும் அதற்கான பதிவு இருக்க வேண்டும். எல்லாம் செல்லாது என்றோ, எல்லாம் செல்லும் என்றோ மொத்தமாக முடிவுகட்டுவது சட்டம் ஆகாது.

கேள்வி: மருத்துவருடன் நீங்கள் நடத்திய வாதத்தைப் படித்தேன். அந்த ஓட்டையை அடைக்க வழியே இல்லையா?

பதில்: ஒரு கதவு சட்டத்திலேயே திறந்திருக்கிறது. நான்காம் பிரிவில் அமைச்சரவைக்குப் பதிலாக, காங்கிரஸ் சட்டத்தால் ஏற்படுத்தும் வேறொரு குழு செயல்படலாம் என்று இருக்கிறது. இதுவரை அப்படி ஒரு குழு அமைக்கப்பட்டதில்லை. 2020 அக்டோபரில் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஜேமி ராஸ்கின் கொண்டுவந்த மசோதாவும் நிறைவேறவில்லை. என் விருப்பம், இரு கட்சிகளும் சம எண்ணிக்கையில் நியமிக்கும் முன்னாள் உயர் அதிகாரிகளும் மருத்துவர்களும் அதில் இருக்க வேண்டும். எந்த அதிபரின் மீதும் ஐயம் எழாத காலத்தில், அடுத்த அதிபரின் பதவிக்காலத்திலிருந்து நடைமுறைக்கு வருமாறு அதை நிறைவேற்ற வேண்டும் என்பதே. அந்த மசோதாவுக்கும் அதிபர் கையெழுத்திட வேண்டும், அல்லது அவரது மறுப்பை மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் மீற வேண்டும். அமைந்த பிறகும், துணை அதிபர் உடன்படாமல் அக்குழுவால் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது.