பளபளப்பைப் பார்த்து வீலைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: பைக்கின் அலாய் வீலுக்கு பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பொடியை அடித்து, ஓவனில் சுட்டு இறுக வைப்பது) போட்டு வாங்கினேன். வீட்டில் துடைத்தபோது ஊசி குத்தினாற்போல் ஓட்டைகள். “அலுமினியம் என்றால் அப்படித்தான்” என்கிறார் கடைக்காரர்.

பதில்: அப்படி இல்லை, உங்களை ஏமாற்றுகிறார். வார்ப்பு அலுமினியத்தில் நுண்துளைகள் உண்டு. அவற்றில் தங்கிய காற்றும் எண்ணெயும் சூடு ஏறியதும் பவுடரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். முதலில் வெறும் வீலைச் சூடாக்கி அவற்றை வெளியேற்றிவிட்டு, அப்புறம்தான் பவுடர் அடிக்க வேண்டும். அந்த வேலையை அவர் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது. பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுபடி அடித்துத் தருகிறேன் என்றால் யோசியுங்கள். வீல் இன்னொரு முறை சூட்டில் வேகும்.

கேள்வி: பழைய பெயிண்டை காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து எடுக்கலாமா?

பதில்: கூடாது. அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

கேள்வி: எத்தனை டிகிரியில் சுடுவார்கள்? கேட்டால் “நாங்க பார்த்துக்கிறோம்” என்கிறார்கள்.

பதில்: இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். வழக்கமான பவுடர் 180 முதல் 200 டிகிரி செல்சியஸில், 10 முதல் 20 நிமிடத்தில் இறுகும். ஆனால் பல அலாய் வீல்கள் தொழிற்சாலையில் 150 முதல் 180 டிகிரிக்குள் சில மணி நேரம் பதப்படுத்தப்பட்டுத்தான் உறுதி பெறுகின்றன. அதைத் தாண்டிய சூட்டில் இருக்க இருக்க அந்த உறுதி குறையும், தானாகத் திரும்பாது. கண்ணுக்கும் தெரியாது. குறைந்த சூட்டில் இறுகும் பவுடர் இருக்கிறது, அதைக் கேளுங்கள். உலோகத்தின் சூட்டை அளப்பார்களா என்றும் கேளுங்கள். டிகிரியையும் நிமிடத்தையும் பில்லில் எழுதித் தராத கடைக்கு வீலைக் கொடுக்காதீர்கள்.

மறைப்பு வேலையையும், அதாவது பவுடர் படக் கூடாத இடங்களை மூடிவிட்டு அடிப்பதையும், கேட்க வேண்டும். நானும் ஒருமுறை கறுப்பு மினுமினுப்பில் மயங்கிப் பணம் கொடுத்தேன். பிரேக் டிஸ்க் உட்காரும் முகத்தை மறைக்காமல் அடித்திருந்தார்கள். போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்கியும் பத்தே நாளில் இரண்டு தளர்ந்துவிட்டன. கழற்றிப் பார்த்தால், ஓட்டையைச் சுற்றி பவுடர் நசுங்கி மெல்லிய வளையமாகப் பிதுங்கி நின்றது. பிரேக் பிடிக்கும் இடம் அது! இன்னும் ஆறவில்லை எனக்கு. டிஸ்க் முகம், பேரிங் குழி, மரை, எல்லாம் வெறும் உலோகமாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: பேரிங்கோடு வீலைக் கொடுத்தேன். இப்போது உராயும் சத்தம் வருகிறது. கடைக்காரர்தானே பொறுப்பு?

பதில்: கழற்றிக் கொடுத்திருக்க வேண்டியது நீங்கள். அந்தச் சூட்டில் கிரீஸ் உருகி ஓடும், ரப்பர் சீல் கெடும். ஓட்டாதீர்கள், இன்றே பேரிங்கை மாற்றுங்கள்.

கேள்வி: சின்ன பிரேக் லீவர்தான், நானே பவுடர் அடித்து சமையல் ஓவனில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சாப்பாடு வேகும் இடத்தில் அந்தப் புகை ஆகாது. தனி ஓவனும் முகக்கவசமும் நல்ல காற்றோட்டமும் இருந்தால் செய்யுங்கள்.