கேளுங்க, சொல்றோம்: எந்தத் தொடர் முதலிடம்?

கேள்வி: அண்ணாச்சி, எங்க செட்டுல எல்லாரும் 'பிரேக்கிங் பேட்'தான் உலகத்திலேயே பெரிய தொடர்ங்காங்க. நான் 'தி வயர்' பேரை எடுத்தா, "ரெண்டு எபிசோடு தாண்ட முடியலையே"ங்காங்க. நீங்க சொல்லுங்க.
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: எங்கள் ஓட்டு 'வயர்' (பால்டிமோர் நகரத்துப் போலீஸையும் போதை வியாபாரிகளையும் பற்றிய அமெரிக்கத் தொடர், 2002–2008, 60 எபிசோடு) பக்கம்தான். உங்கள் கூட்டாளிகள் பாதியில் விட்டதற்கும் காரணம் உண்டு. பால்டிமோர் தெருப் பையன்களின் கொச்சை ஆங்கிலம் காதில் பிடிபடாது. முதல் இரண்டு மணி நேரத்தில் இருபது முகம் வந்துபோகும். யார் யாருக்கு வேண்டியவர் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. 'வயர்' என்ற தலைப்பு குறிக்கும் போலீஸ் ஒட்டுக்கேட்பு வேலையே சில எபிசோடு கழித்துத்தான் தொடங்கும். ஆங்கில சப்டைட்டில் போட்டு, முதல் நான்கை ஒரே வாரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒன்று என்று பார்த்தால் பெயர்கள் மறந்துபோகும்.

மூன்றாவது எபிசோடில் ஒரு காட்சி. போதை விற்கும் இரண்டு பையன்கள் செஸ் காய்களை வைத்து வேறு விளையாட்டு ஆடுகிறார்கள். அவர்களை மேய்க்கும் டீஆஞ்சலோ உட்கார்ந்து செஸ் சொல்லித் தருகிறான்: ராஜா ராஜாவாகவே இருப்பான், சிப்பாய்தான் முதலில் சாவான். 'சிப்பாய் மறுமுனைக்குப் போய்ட்டா?' என்று ஒருவன் கேட்கிறான். அந்தக் கேள்வி கடைசி வரைக்கும் நம்மை விடாது.

இரண்டாம் சீசன் துறைமுகம். தூத்துக்குடியில் சொந்தபந்தம் உள்ளவர்கள் தவறவிடக் கூடாது: வேலைநாள் குறையக் குறைய ஒரு தொழிற்சங்கம் என்னவெல்லாம் செய்யத் துணிகிறது என்பதை அவ்வளவு பொறுமையாகக் காட்டியிருக்கிறார்கள். 'பிரேக்கிங் பேட்' (62 எபிசோடு) ஒரு மனிதன் சீரழிவதை முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுச் சொல்வதில் கெட்டி. முதல் மூன்றுக்குள் அதற்கும் இடம் கொடுப்போம்.

கேள்வி: உலகப் பட்டியலில் தமிழ்த் தொடர் எதுவும் சேராதா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு' சேரும். சுடலை மாடன் கொடை பார்த்து வளர்ந்த நமக்கு அந்தத் தொடரில் கருப்புசாமிக்கு நடுங்கும் ஊரின் பயத்தை யாரும் விளக்க வேண்டாம். அது வாரத் தொடர். முடிவை நோக்கி எழுதப்பட்டது. தினத் தொடருக்கு அந்த வசதி கிடையாது. 'மெட்டி ஒலி' 811, 'கோலங்கள்' 1533 எபிசோடு. டிஆர்பி இருக்கும்வரை ஓட்ட வேண்டும் என்பதால் முடிவை எழுத்தாளர் கையில் தருவதில்லை. ஒரு கல்யாணம் வாரக்கணக்கில் இழுக்கும். அப்படியும், 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவாக டெல்லி குமார் வரும் பகுதிகளை மட்டும் தனியே எடுத்து வைத்தால் எந்த நாட்டுத் தொடர் பக்கத்திலும் நிற்கும்.

கேள்வி: வாசகசாலையில் ஓட்டெடுப்பு வைக்கிறோம். சண்டை வராமல் நடத்துவது எப்படி?
– வாசகர், தென்காசி

பதில்: முழுசாகப் பார்த்த தொடருக்கு மட்டும் பத்துக்கு மார்க் போடட்டும். கூட்டுத்தொகையைப் பார்க்காதீர்கள். 9 பேர் பார்த்த தொடர் ஆளுக்கு 6 வாங்கினால் 54. 3 பேர் பார்த்தது ஆளுக்கு 9 வாங்கினாலும் 27தான். அதனால் பார்த்தவர் எண்ணிக்கையால் வகுங்கள். மூன்று பேராவது பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தர் போட்ட பத்தே ஜெயித்துவிடும். முடிவுக்குத் தனி மார்க் வையுங்கள். முடிவு பலருக்குப் பிடிக்காமல் போன 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வந்தால் அது கட்டாயம் தேவைப்படும். மார்க்கைச் சீட்டில் எழுதி மடித்துப் போடச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொன்னால் முதல் ஆள் சொன்ன எண்ணையே அடுத்தவரும் சொல்வார்.