கெட்ட வார்த்தை வருது, தண்ணி கேக்க மட்டும் வரலையே?

கேள்வி: அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து 3 மாசம் ஆச்சு. வலது கை கொஞ்சம் தேறிடுச்சு, பேச்சு தான் வரல. தண்ணி வேணும்னா "அது... அது..."ன்னு கையை ஆட்டுறார், ஆனா கோவம் வந்தா மட்டும் கெட்ட வார்த்தை அவ்ளோ தெளிவா வருது! "இவர் நடிக்கிறாரோ"ன்னு அம்மாவுக்கு சந்தேகமே வந்துடுச்சு. நான் என்ன சொல்றது?

பதில்: நடிக்கலைங்க, இதை அம்மாகிட்ட முதல்ல படிச்சு காட்டுங்க. திட்டுறது, ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுறது, கிழமை சொல்றது, பழகின பாட்டு, இதெல்லாம் வாயில ஊறிப் போனது, யோசிச்சு கோக்க வேண்டியதே இல்ல. "தண்ணி வேணும்"னு சொல்றதுக்கு பேரைத் தேடணும், சத்தங்களை வரிசையா அடுக்கணும், வாக்கியமா கட்டணும், அந்த வேலை பெரும்பாலானவங்களுக்கு மூளையோட இடது பக்கம் தான் நடக்குது. வலது கையை ஆட்டி வைக்கிறதும் அதே இடது பக்கம், அதனால தான் ரெண்டும் சேர்ந்தே போச்சு.

உங்க அப்பாவுக்கு ரொம்ப பழைய கூட்டாளி ஒருத்தர் இருக்கார் தெரியுமா? 1861-ல பாரிஸ்ல பால் ப்ரோக்காங்கிற டாக்டர் பார்த்த நோயாளி, எதைக் கேட்டாலும் "டான்"னு ஒரே சத்தம் தான், ஆஸ்பத்திரில அவர் பேரே டான்னு ஆயிடுச்சு. அவரும் கோவம் தலைக்கேறினா ஒரு வசவை முழுசா சொல்லுவாராம்! அவர் இறந்தப்புறம் மூளையைப் பார்த்தா இடது பக்கம் முன்னாடி அடிபட்டிருந்தது. இந்தப் பிரச்சினைக்கு இப்ப பேரு அஃபேசியா.

சரி, எங்களை மாதிரி ஸ்பீச் தெரபிஸ்ட் டெஸ்ட்ல என்ன பண்ணுவோம்னு சொல்றேன், ஏன்னா "பேச்சு வரல"ன்னு ஒரே வரியில எழுதிட்டு வைத்தியம் ஆரம்பிக்க முடியாது. தானா எவ்ளோ பேசுறார், சொல்றது புரியுதா, சொன்னதைத் திருப்பி சொல்றாரா, பொருளுக்கு பேர் வருதா, படிக்க எழுத முடியுதா, ஒவ்வொண்ணையும் தனித்தனியா பார்க்கணும். உதாரணத்துக்கு ஒரு சீப்பைக் காட்டுவோம். பேர் வராது, ஆனா கை தலைக்குப் போய் வாருற மாதிரி காட்டும், அப்போ பொருள் என்னன்னு தெரியுது. "சீ..."ன்னு நான் எடுத்துக் கொடுப்பேன் (சில பேர் திட்டுறேன்னு நினைச்சு சிரிச்சிடுவாங்க), டக்குனு "சீப்பு"ன்னு வரும். ஆக பேர் அழிஞ்சு போகல, அதை எடுக்குற வழி தான் அடைச்சிருக்கு. அடுத்து சாவியைக் காட்டினா மறுபடியும் "சீப்பு"ம்பார், அது பிடிவாதம் இல்ல, முந்தின வார்த்தை அப்படியே ஒட்டிக்கிச்சு, கொஞ்சம் இடைவெளி விட்டா சரியாகும்.

எல்லா வீட்லயும் "நாங்க சொல்றது அத்தனையும் புரியுதுங்க"ன்னு தான் சொல்லுவாங்க. எனக்கு இதுல நம்பிக்கை கம்மி. நீங்க தட்டைக் கையில வச்சுகிட்டு "சாப்பிட வாங்க"ன்னா யாருக்கும் புரியும். கையை அசைக்காம, கண்ணால ஜாடை காட்டாம "ஜன்னலைப் பார்த்துட்டு அப்புறம் கதவைக் காட்டுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. பேனாவை வச்சுகிட்டு "இது பேனாவா?"ன்னு கேளுங்க, கொஞ்ச நேரம் கழிச்சு அதே பேனாவைக் காட்டி "இது சாவியா?"ன்னு கேளுங்க, ரெண்டுக்கும் தலையாட்டினா அவரோட ஆமாவை நம்பி மாத்திரையோ கையெழுத்தோ முடிவு பண்ணாதீங்க.

பயிற்சின்னு பார்த்தா, வராத வார்த்தையைச் சுத்தி வரணும்: அது எதுக்கு, எங்க இருக்கும், எப்படி இருக்கும். ராகம் போட்டு, இடது கையால தட்டிகிட்டே சின்ன வாக்கியம் சொல்ல வைக்கிற முறை 1973-லேர்ந்து இருக்கு, எல்லாருக்கும் ஒத்துவராது, புரிதல் நல்லா இருந்து பேச்சு மட்டும் முடங்கினவங்களுக்கு முயற்சி பண்ணலாம். வீட்ல டிவியை அணைச்சுட்டு பேசுங்க, ஒரு நேரத்துல ஒரு விஷயம், கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. வரலையா, "காபி", "தண்ணி"ன்னு பேப்பர்ல எழுதிக் காட்டி தொட சொல்லுங்க. கத்தாதீங்க, காது நல்லா தான் இருக்கு. "சொன்னா தான் தருவேன்"னு டம்ளரைப் பிடிச்சு வைக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம், தாகத்துல இருக்கிறவருக்கு அது பயிற்சி இல்ல, கொடுமை.

கேள்வி: என் தம்பிக்கு பைக் ஆக்ஸிடென்ட்ல தலையில அடி. அஃபேசியா இல்லைன்னு டெஸ்ட்ல வந்துடுச்சு. ஆனா பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கிறான், சம்பந்தமே இல்லாம எங்கேயோ போயிடுறான், கிண்டல் புரியல, யார் முன்னாடி எதைச் சொல்லணும்னு தெரியல. டெஸ்ட் தப்பா?

பதில்: டெஸ்ட் தப்பில்ல, அது தேடினது வேற. அந்த மாதிரி டெஸ்ட் வார்த்தையும் வாக்கியமும் சரியா இருக்கான்னு பார்க்கும், தம்பிக்கு அது ரெண்டும் நல்லாவே இருக்கு. அடி வாங்கினது கவனம், ஞாபகம், முன்யோசனை, எங்க நிறுத்தணும்ங்கிற கடிவாளம், பேச்சு இதுங்க மேல தான் சவாரி பண்ணுது. அமைதியான ரூம்ல ஒரு ஆள் கேள்வி கேட்டா பாஸ் ஆயிடுவான், நாலு பேர் கூடின இடத்துல தான் மாட்டுவான். அதனால கதை சொல்லி திருப்பிச் சொல்ல வைக்கணும், ஒரு வேலையை எப்படி செய்யறதுன்னு படிப்படியா விளக்க வைக்கணும், போன் பண்ணி ஏதாவது விசாரிக்க வைக்கணும். அவன் சம்மதிச்சா வீட்ல பேசுறதை வீடியோ எடுத்து தெரபிஸ்டோட சேர்ந்து பாருங்க, தன் பேச்சை தானே பார்க்கும்போது "இங்க தடம் மாறிட்டேன்"னு அவனுக்கே பிடிபடலாம். உங்களுக்கும் பயிற்சி வேணும், தப்பா எடுத்துக்காதீங்க. "என்னடா உளர்ற"ன்னு சொல்றதுக்கு பதிலா "நாம டிக்கெட் பத்தி பேசிட்டிருந்தோம்"னு மெதுவா இழுத்து விடுங்க.

கேள்வி: அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து 2 வருஷம். ரெண்டு பாஷை பேசுவாங்க. இனிமே தெரபி வேஸ்ட்ங்கிறாங்க, உண்மையா?

பதில்: வேகமா தேறுறது முதல் சில மாசம் தான், அதுக்கப்புறம் கதவு பூட்டிடும்னு அர்த்தம் இல்ல. ஜெர்மனில நடந்து 2017-ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல, ஸ்ட்ரோக் வந்து 6 மாசத்துக்கு மேல ஆனவங்களுக்கு வாரம் 10 மணி நேரமாவது, குறைஞ்சது 3 வாரம் பயிற்சி கொடுத்தாங்க, அன்றாட பேச்சுல முன்னேற்றம் தெரிஞ்சது, பயிற்சி ஆரம்பிக்காம காத்திருந்தவங்ககிட்ட அது இல்ல. அம்மாவுக்கு இதுவரைக்கும் கிடைச்சது வாரம் அரை மணி நேரமா இருந்தா, வேஸ்ட்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த மணிக்கணக்கைக் கூட்டிப் பாருங்க. ரெண்டு பாஷையிலயும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, ரெண்டும் ஒரே அளவுல பாதிச்சிருக்கணும்னு இல்ல, முதல்ல திரும்பி வர்றது தாய்மொழியா தான் இருக்கணும்னும் இல்ல.