ஆர்சி (ரிமோட் கன்ட்ரோல்) கார் ஒரு மூலையில சாயுதா? காலரை கடைசியா தொடுங்க

வாசகர் கேள்வி: என்கிட்ட 1/10 (நிஜ வண்டியில பத்துல ஒரு பங்கு) அளவு எலக்ட்ரிக் பகி இருக்கு. பின்னாடி வலது மூலை தாழ்ந்து நின்னுச்சு, அந்த ஷாக் அப்சார்பரோட காலரை, அதாவது ஸ்பிரிங்கை அமுக்குற திருகு வளையத்தை, இறுக்கினேன். அது தூக்குச்சு, ஆனா முன்னாடி இடது மூலை இறங்கிடுச்சு. அதையும் இறுக்கினேன். இப்போ பார்க்க மட்டமா இருக்கு, ஆனா இடது பக்கம் வளைச்சா பின்பக்கம் சுத்திடுது, வலது பக்கம் வளைச்சா திரும்பாம அகலமா போகுது. கடையில நாலு ஷாக்கையும் அலுமினியத்துக்கு மாத்துங்க, கெட்டி ஆயில் ஊத்துங்க, ஹார்டு ஸ்பிரிங் போடுங்கன்னு சொல்றாங்க. மாத்தணுமா?

பதில்: எதையும் வாங்காதீங்க. முதல்ல நீங்க இறுக்கின ரெண்டு காலரையும் தளர்த்தி பழைய இடத்துக்கு கொண்டு வாங்க, மத்ததை அப்புறம் பேசலாம்.

உங்க வண்டியில நடந்தது இதுதான். சேசிஸ் ஒரு விறைப்பான தகடு, நாலு ஸ்பிரிங் மேல உட்கார்ந்திருக்கு. ஒரு மூலையில காலரை இறுக்கினா அந்த மூலை நல்லா தூக்கும், பக்கத்து ரெண்டு மூலையும் கொஞ்சம் தூக்கும், குறுக்கே எதிர்ல இருக்குற மூலை இறங்கும். நீங்க அந்த இறங்குன மூலையையும் இறுக்கிட்டீங்க, அதனால வண்டி மட்டமாயிடுச்சு, ஆனா எடை முழுக்க வலது பின் சக்கரத்து மேலயும் இடது முன் சக்கரத்து மேலயும் ஏறிப்போச்சு, மத்த ரெண்டு சக்கரமும் தரையை சும்மா தொட்டுக்கிட்டு ஓடுது. குட்டைக் கால் இருக்குற ஸ்டூலுக்கு வேற காலுக்கு அடியில அட்டை மடிச்சு வெச்ச மாதிரி. ஒரு பக்கம் சுத்துறதும் இன்னொரு பக்கம் அகலமா போறதும் இதோட அச்சு அசலான அடையாளம், ஓட்டுற உங்க கையில கோளாறு இல்ல.

அப்போ முதல்ல ஏன் சாஞ்சுச்சு? அதைத்தான் தேடணும், கடைக்காரர் அதை தேடவே இல்ல, விற்க என்ன இருக்குன்னு தேடியிருக்கார். கெட்டி ஆயில் ஊத்தினா வண்டி தூக்கும்னு சொல்றதைக் கேட்டா எனக்கு கோவம் வருது. நிக்கிற வண்டியை ஆயில் தாங்குறதே இல்ல, ஸ்பிரிங்தான் தாங்குது. ஆயில் அந்த ஸ்பிரிங் எவ்வளவு வேகமா அமுங்கணும், எவ்வளவு வேகமா விரியணும்னு மட்டும்தான் பார்த்துக்குது. ஹார்டு ஸ்பிரிங் போட்டா வண்டி உயரும்தான், ஆனா சாய்வு கண்ணுக்கு தெரியாம போகுமே தவிர காரணம் அப்படியே உள்ள இருக்கும், மேடு பள்ளத்துல வண்டி பந்து மாதிரி குதிக்கவும் ஆரம்பிச்சுடும்.

இப்போ செய்ய வேண்டியது. பேட்டரி, பாடி எல்லாம் மாட்டி, ஓட்டுறதுக்கு தயாரா இருக்குற நிலையில வண்டியை ஒரு கண்ணாடி மேலயோ நல்ல மட்டமான டைல்ஸ் மேலயோ வைங்க. பேட்டரி இல்லாம அளக்குறவங்கதான் பாதிப்பேர், அந்த அளவுக்கு அர்த்தமே கிடையாது. 15, 20 செ.மீ. உயரத்துல இருந்து வண்டியை நேரா கீழ விடுங்க, அதுவா உட்காரட்டும், கையால அமுக்கி சரி பண்ணாதீங்க, அப்புறம் சேசிஸோட அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் நடுவுல நாலு மூலையிலயும் அளங்க. ரெண்டு மூணு தடவை விட்டு அளந்து பாருங்க. ஒவ்வொரு தடவையும் வேற வேற அளவு வந்தா எங்கேயோ ஏதோ இறுக்கிப் பிடிக்குதுன்னு அர்த்தம், அதுவே பாதி பதில். வண்டியை அப்படியே திருப்பி வெச்சும் அளங்க, சாய்வு வண்டியோட திரும்பாம தரையோடயே நின்னுச்சுன்னா உங்க டைல்ஸ்தான் சாஞ்சிருக்கு. டயரையும் இடம் வலம் மாத்திப் பாருங்க, உள்ள இருக்குற ஃபோம் கிழிஞ்ச டயர் வண்டியை அழகா சாய்க்கும்.

அடுத்தது, பெரும்பாலும் மாட்டுற இடம் இதுதான். ஷாக்கோட கீழ் முனையை ஆர்ம்ல (சக்கரத்தை சேசிஸோட இணைக்குற கை) இருந்து கழட்டிடுங்க. ஆன்டி ரோல் பார் (இடது வலது ஆர்மை இணைக்குற கம்பி) இருந்தா அதோட லிங்கையும் கழட்டுங்க. ஆர்மை கையால மேல தூக்கி விடுங்க. தன் எடையிலயே தொபுக்குனு விழணும். மெதுவா இறங்கினாலோ நடுவுல நின்னாலோ ஆர்ம் ஆடுற அச்சுக்கம்பியான ஹிஞ்ச் பின் வளைஞ்சிருக்கு, இல்ல அந்த துளையில மண்ணு ஏறியிருக்கு. பின்னை வெளிய எடுத்து கண்ணாடி மேல உருட்டினா வளைவு உடனே தெரிஞ்சுடும். ஒரே ஒரு பின்தான் மாத்தணும். ஆனா அந்த ஒரு பின்னை தனியா விக்க மாட்டாங்க, மொத்த செட்டாதான் வாங்கணும், இந்த கம்பெனிகளோட புத்தி என்னைக்கு மாறுமோ தெரியல. ஆர்ம் நல்லா விழுந்து, ரோல் பார் லிங்கை மாட்டினதும் ஒரு பக்க சக்கரம் தூக்கிக்கிச்சுன்னா ரெண்டு லிங்க்கோட நீளமும் சமமா இல்லன்னு அர்த்தம்.

அப்புறம் பின்பக்க ஷாக் ரெண்டையும் கழட்டி, ஸ்பிரிங்கையும் எடுத்துட்டு, பக்கத்துல பக்கத்துல வைங்க. முழுசா நீட்டினா ரெண்டும் ஒரே நீளம் இருக்கணும். ஷாக்குக்குள்ள போய் வர்ற தண்டோட (ஷாஃப்ட்) கீழ் முனையில திருகியிருக்குற பால் எண்ட் ஒண்ணுல ரெண்டு சுத்து கூட ஏறியிருந்தாலே அந்த ஷாக் குட்டையாயிடும், அந்த சக்கரம் மத்ததைவிட குறைவாதான் கீழ இறங்கும், இதை யாருமே பார்க்குறதில்ல. ஷாஃப்டை அமுக்கி விடுங்க, கரகரன்னு இல்லாம போய்ட்டு வரணும். சலசலன்னு சத்தம் வந்தா உள்ள காத்து இருக்கு. புதுசா பெட்டியில வர்ற ரெடி வண்டியிலயே அரைகுறை ஆயிலோட ஷாக் வருது, கம்பெனியே அப்படி அனுப்புது, கேட்க ஆள் இல்ல. ஸ்பிரிங் ரெண்டையும் நிக்க வெச்சு உயரம் பாருங்க, அப்புறம் இடம் வலம் மாத்தி மாட்டிப் பாருங்க. சாய்வும் கூடவே பக்கம் மாறிச்சுன்னா ஸ்பிரிங்தான் குற்றவாளி, அந்த ஜோடியை மட்டும் மாத்துங்க. ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க.

ஸ்பிரிங் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்காதீங்க. ஒரு கம்பெனியில நீலம் சாஃப்ட்டா இருக்கும், இன்னொண்ணுல அதே நீலம் ஹார்டா இருக்கும். ஆயிலும் இதே கூத்துதான், டபிள்யூடின்னு (WT) போட்டிருக்குற நம்பர் கம்பெனிக்கு கம்பெனி வேற வேற கெட்டி. சிஎஸ்டி (cSt) நம்பர்தான் ஆயிலோட கெட்டிக்கு நிஜமான அளவு, அதைப் பார்த்து வாங்குங்க, அது போடாத பாட்டிலை வாங்காதீங்க. எல்லாரும் ஒரே அளவுல எழுதினா என்ன குறைஞ்சுடும்? எழுதினா நீங்க எந்த கம்பெனி ஆயிலையும் வாங்கிடுவீங்க, அது அவங்களுக்கு பிடிக்காது, அவ்ளோதான்.

இதெல்லாம் சரியா இருந்தும் சாஞ்சா சேசிஸ் முறுக்கிக்கிட்டிருக்கலாம். மேல் தட்டு இருக்குற வண்டின்னா அதோட ஸ்க்ரூ எல்லாத்தையும் தளர்த்தி, மட்டமான இடத்துல வெச்சு கொஞ்சம் கொஞ்சமா திரும்ப இறுக்குங்க. அப்புறம் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால முன்பக்கத்தை சரியா நடுவுல தூக்குங்க, ரெண்டு சக்கரமும் ஒரே நேரத்துல தரையை விடணும். பின்பக்கமும் அப்படியே. உங்க வண்டியில இப்போ இந்த சோதனையை பண்ணினா வலது முன் சக்கரம்தான் முதல்ல தூக்கும், காலரை தளர்த்தினதுக்கு அப்புறம் திரும்ப பண்ணுங்க, வித்தியாசம் தெரியும்.

காலரை ஜோடி ஜோடியாதான் திருப்பணும், இடது வலது ரெண்டுக்கும் ஒரே அளவு, காலிப்பர்ல அளந்து. ஒரு விதிவிலக்கு இருக்கு, அதை நான் விளக்கமா சொல்லியே ஆகணும், ஏன்னா இதை தப்பா புரிஞ்சுக்கிட்டுதான் நிறைய பேர் வண்டியை கெடுத்துக்குறாங்க. ஓவல் டிராக்ல ஓடுற கார்கள் இடது பக்கம் மட்டுமே திரும்பும். அதனால வேணும்னே குறுக்கு எடையை, அதாவது குறுக்கே எதிரெதிர்ல இருக்குற ரெண்டு சக்கரத்து மேல விழுற எடையை, ஏத்தி வெப்பாங்க, இடது வலது ஸ்பிரிங்கே வேற வேற போடுவாங்க. அந்த கார் வலது பக்கம் ஒழுங்கா திரும்பாது, திரும்ப வேண்டிய அவசியமும் இல்ல. அந்த மாதிரி காரோட செட்டப் ஷீட்டைப் பார்த்துட்டு ஒரு மூலை காலரை மட்டும் கூட்டினா கிரிப் வரும்னு சொல்றவங்க இருக்காங்க. ஓவலுக்கு சரி, ரெண்டு பக்கமும் திரும்புற டிராக்ல உங்களுக்கு இப்போ நடக்குறதுதான் நடக்கும். பழைய ஓவல் காரை வாங்கினவர் இடமும் வலமும் சமம் பண்ணிட்டு அந்த கார் சரியில்லைன்னு சொல்றதும் இதே தப்போட மறுபக்கம். உங்களுது பகி, உங்களுக்கு சமம்தான் விதி.

பேட்டரி ஒரு பக்கமா உட்கார்ற வண்டியில கொஞ்சம் எடை வித்தியாசம் இருக்கும்தான். அதை மறுபக்கம் சின்ன ஈயத்துண்டு ஒட்டி சரி பண்ணுங்க, காலரால பண்ணாதீங்க.

எவ்வளவு உயரம்? மண் டிராக்னா 20 மி.மீ.க்கு கொஞ்சம் மேல ஆரம்பிங்க, கார்பெட்னா அதைவிட சில மி.மீ. கீழ. அளவுகோல் இல்லாட்டி பின்னாடி டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தை சுத்த வைக்குற தண்டு) தரைக்கு இணையா நிக்கிற உயரத்துல இருந்து தொடங்குங்க. காலரை இறுக்கினா ஸ்பிரிங் கெட்டியாகுதுன்னு நினைக்காதீங்க, உயரம் மட்டும்தான் மாறும், ரொம்ப இறுக்கினா சக்கரம் பள்ளத்துல இறங்க இடமில்லாம வண்டி துள்ளும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போதும் ஒரு விஷயம் பாருங்க. விக்கிறவர் வளைஞ்ச பின்னையும் செத்துப்போன ஸ்பிரிங்கையும் மறைக்க காலரை ஏத்தி மட்டமா காட்டுவார், நடுவுல கமிஷன் வாங்குறவர் அதுக்கு டியூன் பண்ண வண்டின்னு பேர் வெச்சிருப்பார். முன்னாடியும் பின்னாடியும் இடது வலது காலர் ரெண்டும் ஒரே இடத்துல இருக்கான்னு பாருங்க, ஷாக்கை கழட்டி ஆர்மை விழ விட்டுப் பாருங்க. கழட்ட விடலைன்னா வாங்காதீங்க.

ஷாக் கீழ ஆயில் கசிஞ்சா ஓ-ரிங் செட்டும் சிலிக்கான் ஆயிலும் மட்டும் வாங்குங்க. பெட்ரோலிய ஆயிலோ பிரேக் கிளீனரோ பட்டா அந்த ஓ-ரிங் ஊதிப்போய் ஷாஃப்டை இறுக்கிப் பிடிக்கும், மூலை ஒவ்வொரு தடவையும் வேற உயரத்துல நிக்கும். ஷாஃப்ட்ல கீறல் இருந்தா அதையும் மாத்துங்க, இல்லன்னா புது ஓ-ரிங்கும் சீக்கிரமே கசியும். ஆயில் ஊத்தி ஷாஃப்டை மெதுவா மேலயும் கீழயும் ஆட்டி குமிழி எல்லாம் வெளிய வந்ததும் மூடியை போடுங்க. ஒரு பேட்டரி ஓட்டி முடிச்சுட்டு திரும்ப நாலு மூலையும் அளங்க, அளவு நகர்ந்திருந்தா எந்த மூலை, எவ்வளவுன்னு எனக்கு எழுதுங்க.