விசைப்பலகை யார் கையில்?

அன்புள்ள ஐயா,

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறையில் கற்பிக்கிறேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். மதிப்பெண்ணிலும் அவர்களே முன்னால். ஆனால் இறுதியாண்டு புராஜெக்ட் என்று வந்தால் நிரல் எழுதுவது பையன்கள். அறிக்கையைத் தட்டச்சு செய்து பைண்டிங் கடைக்கு அலைவது பெண்கள். மகளிர் தினத்தன்று ஒரு சாதனைப் பெண்மணியை அழைக்கலாம் என்கிறது நிர்வாகம். அது போதுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள பேராசிரியருக்கு,

தாராளமாக அழையுங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை. குத்துவிளக்கு அருகே தட்டு ஏந்தி நிற்கவும் மாணவிகளைத்தான் தேடுவார்கள் என்பது வேறு விஷயம்.

கலிஃபோர்னியாவில் ஹார்வி மட் என்றொரு சிறிய கல்லூரி இருக்கிறது. 2006 வாக்கில் அங்கே கணினி அறிவியலை எடுத்தவர்களில் பெண்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். சில ஆண்டுகளிலேயே அது பத்துக்கு நான்காக உயர்ந்தது. சொற்பொழிவால் அல்ல. முதலாண்டுப் பாடத்தில், ஏற்கெனவே நிரல் எழுதிப் பழகியவர்களையும் புதியவர்களையும் தனித்தனி வகுப்பாக்கினார்கள். ஜாவா என்ற நிரல்மொழியை விட்டு, தொடக்கக்காரர்களுக்கு எளிதான பைத்தான் மொழிக்கு மாறினார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று: வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு மேதாவித்தனம் காட்டும் மாணவனை ஆசிரியர் தனியே அழைத்து, ‘உன்னோடு பேச எனக்கு ஆசைதான், என் அறைக்கு வா, வகுப்பில் மற்றவர்கள் மிரளுகிறார்கள்’ என்ற பொருள்படச் சொல்லிவிடுவார். அவனுக்கும் மனம் நோகாது, மற்றவர்களுக்கும் வாய் திறக்கும்.

அங்கே பெண்கள் கணினித் துறையை எடுக்கவே முன்வரவில்லை. உங்களிடம் வந்துவிட்டார்கள், விசைப்பலகைதான் அவர்கள் பக்கம் வரவில்லை. எனவே இரண்டாமாண்டிலேயே ஒவ்வொருத்தியும் தனியாக ஓர் இணையதளம் செய்யட்டும். ஊர் பேருந்து நேர அட்டவணை போதும். உலாவியில் எந்தப் பக்கத்தின் மூலநிரலையும் திறந்து பார்க்கலாம், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ்.ஸில் ஒரு நிறத்தை மாற்றினால் திரையில் உடனே தெரியும். மூடாமல் விட்ட ஓர் அடைப்புக்குறி பக்கம் முழுவதையும் கலைத்துப்போடலாம். அந்தப் பிழையைத் தானே தேடிப் பிடித்தவள் அடுத்த முறை யாரையும் கூப்பிட மாட்டாள்.

ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். ‘டிசைன் பெண்களுக்கு, டேட்டாபேஸ் பையன்களுக்கு’ என்று பிரித்தால் அது பைண்டிங் கடையின் இன்னொரு கிளைதான். அட்டவணையைச் சேமிக்கும் டேட்டாபேஸையும், தேடித் தரும் நிரலையும் அவளே எழுத வேண்டும்.

மாணவியர் விடுதிக் கதவு மாலையில் எத்தனை மணிக்கு மூடப்படுகிறது, மாணவர் விடுதிக்கு என்ன நேரம் என்பதையும் முதல்வரிடம் கேளுங்கள். ஆய்வகம் இரவு எட்டு வரை திறந்திருந்தும் ஆறு மணிக்கு எழுந்து போக வேண்டியவளுக்கு என்ன பயன்?

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் ‘கிட்’ (Git) என்ற மென்பொருளைப் புராஜெக்ட் குழுக்கள் பயன்படுத்தச் சொல்லுங்கள். எந்த வரி யாருடைய கணக்கிலிருந்து வந்தது என்பது அதில் பதிவாகியிருக்கும். மதிப்பெண் போடுமுன் அதைத் திறந்துவைத்து, அவரவர் வரிகளை அவரவரையே விளக்கச் சொல்லுங்கள்.