சிக்கிமுக்கிக் கல்லில் சிப்பியின் அச்சு: எந்த உயிரினம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கிலாந்தின் தென்கரையில், சீஃபோர்டு பக்கம் எடுத்த சிக்கிமுக்கிக் கல்லில் சிப்பி பதிந்தது போல வரிகள் இருக்கின்றன, அது என்ன சிப்பி என்று கேட்டிருக்கிறீர்கள். சசெக்ஸ் கரையோரம் நடக்கும்போதெல்லாம் கல்லைப் புரட்டிப் பார்ப்பவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெயர் தேடுவதற்கு முன், அது சிப்பிதானா என்று பாருங்கள். சிக்கிமுக்கிக் கல் அடிபட்டுச் சில்லு பெயர்ந்தால், அடி விழுந்த இடத்திலிருந்து அலையலையாக வளைகோடுகள் பரவும். பலர் ஏமாறுவது இங்கேதான். அப்படி உடைந்த பரப்பு பளபளவென்று வழவழப்பாக இருக்கும், அலைகள் போகப்போக மங்கும். சிப்பியின் அச்சு என்றால் அதற்கு ஒரு விளிம்பு தெரியும், ஒரு பக்கம் கூம்பிய மூக்கு இருக்கும், பெரிய வரிகளுக்கு நடுவே மிக நுண்ணிய வளர்ச்சிக் கோடுகளும் ஓடும். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்தி அடித்தால் இவை துலக்கமாகத் தெரியும்.

உங்கள் கல்லில் இருப்பது பள்ளம் என்றால், குழந்தைகள் விளையாடும் களிமண்ணை எடுத்து, கல்லை நனைத்துவிட்டு, அதில் அழுத்தி உரித்து எடுங்கள். ஓடு எப்படி இருந்ததோ அப்படியே மேடாகக் கையில் வரும். பள்ளத்தைப் பார்த்துக் குழம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்தக் கரையின் வெள்ளைச் சுண்ணப்பாறை டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடலடிச் சேறு. கடற்பஞ்சுகளின் சிலிக்கா கரைந்து, அந்தச் சேற்றுக்குள் மறுபடி இறுகியதுதான் சிக்கிமுக்கி. ஓடுகள் கால்சியம் கார்பனேட்டின் இரு வடிவங்களில் அமையும்: அரகோனைட், கால்சைட். அரகோனைட்டால் ஆன ஓடுகள் அங்கே பெரும்பாலும் சீக்கிரம் கரைந்துவிட்டன. அதனால் சங்கு, நத்தை வகைகள் குறைவு. கால்சைட் ஓடு கொண்டவையே அதிகம் மிஞ்சின. தேட வேண்டிய பட்டியல் இப்போதே சுருங்கிவிட்டது, பாருங்கள்.

அப்புறம் சமச்சீர். மூக்கிலிருந்து நேர்கோடு இழுத்தால் ஓட்டின் இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் பிராக்கியோபாட், அதாவது சிப்பி போலத் தோன்றும் வேறொரு கடலுயிர். கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் இருமடல் சிப்பி. ஸ்காலப் எனும் விசிறிச் சிப்பி வகைகள் மட்டும் இதில் குழப்பும்.

விசிறிக் கோடுகளே இல்லாமல் அகலமான வளைமடிப்புகள் மட்டும் இருந்தால் இனோசெராமஸ் என்ற, இன்று அழிந்துபோன இருமடல் சிப்பியாக இருக்கலாம். உடைந்த சில்லு அலைகளோடு அதிகம் குழம்புவதும் இதுதான். ஓட்டுத் துண்டு கொஞ்சமாவது ஒட்டியிருந்தால் அதன் முறிந்த விளிம்பை லென்ஸில் பாருங்கள்: ஊசி ஊசியாக நெருக்கி நிறுத்திய கால்சைட் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

மூக்கிலிருந்து விசிறியாக நெருக்கமான வரிகள் இறங்கி, முள் முறிந்த அடையாளங்களும் இருந்தால் ஸ்பாண்டிலஸ் என்ற முள் சிப்பி. நார்ஃபோக்கில் வெஸ்ட் டாஃப்ட்ஸ் என்ற இடத்தில் கிடைத்த பழைய கற்காலக் கைக்கோடரியின் நடுவில் இந்தச் சிப்பிதான் இருக்கிறது. அதைச் செய்தவர் சிப்பியைச் சிதைக்காமல் சுற்றிலும் செதுக்கியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கல் அது.

ஐந்து கதிர்கள் நட்சத்திரமாக விரிந்திருந்தால் அது சிப்பியே அல்ல, உடலெங்கும் முள் கொண்ட கடல் அர்ச்சின் என்ற உயிரினம்.

உள்ளே இன்னும் இருக்குமோ என்று மட்டும் சுத்தியலால் தட்டிவிடாதீர்கள். சில்லு கத்தி போலத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. களிமண் அச்சையும் கல்லையும் ஒரு நாணயத்துடன் சேர்த்துப் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.